உப்புத் தண்ணீர்: மிகக் குறைவு

சென்ற மாதம் விக்னேஷ் போன் செய்தான். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு எங்கள் கடலூர் ஏரியா ஆபீஸில் வந்து சேர்ந்தவன். இப்போது அந்த ஆபீஸுக்கே அவன்தான் பொறுப்பு.

"சார், இப்பல்லாம் வண்டியே பேசுது சார். எந்த எடத்துல நிக்கிது, இன்னா கோளாறுன்னு நேரா நம்ப போனுக்கே வந்துடுது. நாங்க சேர்ல ஒக்காந்தே பாத்துடுறோம்" என்றான். பிறகு விஷயத்துக்கு வந்தான். வருடக்கணக்காக நஷ்டத்தில் கிடந்த நம் லாரிக் கம்பெனி எப்படி லாபத்துக்கு வந்தது, வந்த லாபம் எப்படி நிலைத்தது என்று தலைமை அலுவலகத்தில் ஒரு புத்தகம் தயாராகிறதாம். எழுதித் தந்த எல்லாரும் வெளிநாட்டுக் கூட்டணிதான் காரணம் என்று எழுதியிருக்கிறார்களாம். "அந்தக் கூட்டணி டைம்ல இங்க இருந்தவங்க நீங்கதான். ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார்."

கூட்டணி ஒப்பந்தம் எந்த ஊரில், எந்த மேசையில் கையெழுத்தானது என்று எனக்குத் தெரியாது. பங்கு, முதலீடு என்று அவர்கள் பேசியதெல்லாம் செய்தித்தாளில் படித்ததோடு சரி. எனக்குத் தெரிந்தது கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஒரு மீன் லாரிக்கு அடியில் நான் மல்லாந்து படுத்துக் கிடந்த ஒரு காலை நேரம். அதைத்தான் எழுத முடியும். புத்தகத்தில் சேர்ப்பதும் சேர்க்காததும் அவர்கள் விருப்பம்.

என் பெயர் சூசைராஜ். அப்பா மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் பியூனாக இருந்தார். நான் டிப்ளமா முடித்து, கம்பெனியின் சென்னைத் தொழிற்சாலையில் ஒரு வருடம் பயிற்சி எடுத்து, சர்வீஸ் ஆளாகக் கடலூருக்கே திரும்பி வந்தேன். பயிற்சி வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கையில் கிரீஸ், காலில் பூட்ஸ், ஞாயிற்றுக்கிழமை சினிமா. வேலை என்பது அதற்குப் பிறகு வந்தது: நாங்கள் விற்ற லாரி எங்கே நின்றாலும் அங்கே போய் நிற்பது. வடக்கே புதுச்சேரி எல்லை, தெற்கே கொள்ளிடம் வரை என் பகுதி. அந்தச் சாலையோரத்தில் நான் படுக்காத இடம் குறைவு.

கம்பெனி நஷ்டத்தில் ஓடுவது எங்களைப் போன்றவர்களுக்குக் கணக்குப் புத்தகத்தில் தெரியாது. உதிரிபாகத்தில் தெரியும். இரண்டாயிரத்து நாலில் பிரேக் லைனிங் கேட்டால் கிளட்ச் கேபிள் வரும். அதைத் திருப்பி அனுப்பினால் அதுவே மறுபடியும் வரும். பழைய சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தில் கடிதம் டைப் அடித்தோம். கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வேறு கம்பெனிக்குப் போனார்கள். டீக்கடையில் என்னைப் பார்த்தால் டிரைவர்கள், "சார், ஒங்க வண்டிய எடைக்கிப் போட்டா நல்லா போவுமாமே" என்பார்கள். சிரித்துவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு இருக்காது.

அந்த வருடக் கடைசியில் சுனாமி வந்தது. எங்கள் முற்றத்தில் விற்காத லாரிகள் நின்றன. ஓட்ட ஆள் இல்லை. நாலு நாள் ஒரு லாரியைத் துறைமுகப் பக்கம் நானே ஓட்டினேன். எதை ஏற்றினேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு உப்பனாற்றைத் தாண்டி அந்தப் பக்கம் நான் போகவில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை. வண்டி நின்றதாகத் துறைமுகத்திலிருந்து போன் வந்தால் ஏதாவது சொல்லி இன்னொருவரை அனுப்பிவிடுவேன்.

அடுத்த வருடம் கூட்டணிச் செய்தி வந்தது. ஐரோப்பாவில் லாரி செய்கிற ஒரு பெரிய கம்பெனியும் நாங்களும் சேர்ந்து புது லாரி போடப் போகிறோம். என்ஜினும் மின்சார அமைப்பும் அவர்களுடையது, மற்றதெல்லாம் நம்முடையது என்றார்கள். அதற்கு முன்னால் ஒரு படிவம் வந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டு கனம் இருக்கும். இந்த மாவட்டத்தில் லாரியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அதில் கேட்காத கேள்வி கிடையாது. டிரைவர் வண்டியிலேயே தூங்குவாரா, தலை எந்தப் பக்கம்? முன்கண்ணாடிக்குக் கீழே சாமி படம் வைப்பார்களா, எத்தனை? எலுமிச்சம்பழம் கட்டுகிற கயிறு எந்தக் கம்பியில்?

எனக்கு அது பிடித்திருந்தது. அத்தனை வருடத்தில் எங்களை யாரும் எதுவும் கேட்டதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் போய்ப் பார்த்து எழுதினேன். நெய்வேலியில் சாம்பல் லாரிகளோடு ஒரு வாரம் சுற்றினேன். காடாம்புலியூரில் பலாப்பழம் ஏற்றுகிறவர்களோடு நின்றேன். சிதம்பரத்தில் நெல் மண்டி வாசலில் எடை பார்த்தேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது.

"சரக்கிலிருந்து வண்டிச் சட்டத்தின் மேல் உப்புத் தண்ணீர் சொட்டுவதுண்டா? ஏற்றும் இடத்தில் நின்று பார்த்து எழுதவும்."

ஏற்றும் இடம் துறைமுகம். நான் மேசையில் உட்கார்ந்து, "மிகக் குறைவு" என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் திலகவதி மேடம் எங்களுக்கு ஏரியா சர்வீஸ் மேனேஜராக வந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். சிதம்பரத்துக்காரர். தினமும் காலை பஸ்ஸில் வந்து எட்டு மணிக்கெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் நிற்பார். சுடிதாருக்கு மேல் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் போவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வழியில் நின்ற வண்டியிலிருந்து டிரைவர் போன் செய்தால் அவர் முதலில் கேட்பது, "சாப்டீங்களா?" என்பதுதான். எங்களுக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. பசியோடு இருக்கிற டிரைவர் பாதிதான் சொல்லுவார் என்பது அவருடைய அனுபவம்.

அவர் கொண்டுவந்த பெரிய மாற்றம் ரிப்போர்ட் எழுதும் முறை. பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போடச் சொன்னார். முதல் பத்தி, பார்த்தது. இரண்டாவது, கேட்டது. மூன்றாவது, நினைத்தது. முதல் இரண்டையும் பேனாவால் எழுத வேண்டும், மூன்றாவதைப் பென்சிலால்.

"இன்னாத்துக்கு மேடம் பென்சில்?" என்று கேட்டேன்.

"அழிக்கறதுக்குத்தான் சார். நாம நினைக்கறதுல பாதி தப்பா போயிடும். பேனாவுல எழுதிட்டா அதையே புடிச்சிக்கினு நிப்போம்."

நான் கொடுத்த முதல் ரிப்போர்ட்டில், பார்த்தது என்ற இடத்தில் 'டிரைவர் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தேன். அதைச் சுட்டிக் காட்டி, "கவனக்குறைவ எப்டி சார் பாத்தீங்க? என்ன கலர்ல இருந்துச்சி?" என்றார். இருபத்தைந்து வருடச் சர்வீஸ்காரனான எனக்குக் காது சூடாகிவிட்டது. இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மறுபடி எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "இப்ப நானே அங்க நின்ன மாதிரி இருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அதற்குப் பிறகு எத்தனையோ ரிப்போர்ட் எழுதினேன்.

புது லாரி வந்தது. நல்ல வண்டி. டிரைவர் இடுப்பு நோகாமல் இறங்கினார். டீசல் குறைவாகக் குடித்தது. ஆனால் டீக்கடைக் கிண்டல் அவ்வளவு சீக்கிரம் மறையவில்லை; முதலில் வாங்க ஆள் வேண்டுமே. காடாம்புலியூர் கலியமூர்த்தி வாங்கினார். தலைமுறையாக முந்திரி விவசாயம். இரண்டு பழைய லாரி வைத்துப் பழகியவர். பாதி முந்திரிக்காட்டை விற்று ஒரே மூச்சில் நாலு புது லாரி எடுத்தார். அதற்கு முன் என்னைத் தேடி வந்தார்.

"கம்பெனிக்காரன் ஆயிரம் சொல்லுவான். நீங்க சொல்லுங்க மாமா. எடுக்கலாமா?"

அவர் என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்துப் பல வருடமாகியிருந்தது. "எடுங்க" என்றேன்.

ஆறேழு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டு வண்டி முந்திரியும் பலாவும் ஏற்றின. மற்ற இரண்டும் முதுநகரில் மீன் ஏற்றிச் சிதம்பரம் வழியாகக் கும்பகோணம் போயின. சுனாமிக்குப் பிறகு செத்துக் கிடந்த துறைமுகம் மறுபடி எழுந்து, முன்பைவிடப் பெரிய படகுகளும் ஐஸ் ஆலைகளும் வந்திருந்த நேரம் அது. கலியமூர்த்திக்கு மீன் வாடகைதான் நல்ல வருமானம்.

ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் மீன் வண்டி ஒன்று வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் திடீரென்று நின்றது. என்ஜின் அப்படியே அணைந்துபோனதாக டிரைவர் ஏழுமலை சொன்னான். நான் போய்ச் சேர ஒரு மணி நேரமானது. சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காததுபோல வண்டி ஸ்டார்ட் ஆனது.

"சார், என் புள்ளைங்க மேல சத்தியமா நின்னுச்சி சார்" என்றான் ஏழுமலை. பின்னால் வந்த பஸ்காரர்கள் திட்டிய திட்டில் அவன் முகம் வெளிறிப் போயிருந்தது.

அடுத்த வாரம் ஆலப்பாக்கம் பக்கத்தில் நின்றது. பிறகு புதுச்சத்திரத்தில். பிறகு இன்னொரு மீன் வண்டி. ஒவ்வொரு முறையும் நாங்கள் போகும்போது வண்டி ஓடும். டீசல் கலப்படம் என்று ஒரு முறை எழுதினேன். டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று ஒரு முறை. இரண்டுமே பென்சிலில்தான் எழுதினேன், நல்லவேளை. போகப்போக வண்டி நிற்கும் நேரம் கூடியது. ஒரு நாள் முழு லோடு மீன் வெயிலில் கெட்டுப்போய், சிதம்பரம் மார்க்கெட்டில் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் கலியமூர்த்தி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். உட்காரவில்லை.

"சார், அடுத்த திங்கக்கிழம மஞ்சக்குப்பம் கிரவுண்டுல ஒங்க கம்பெனி விழா வெக்கிதாமே. வெள்ளக்காரங்கல்லாம் வராங்களாமே."

"ஆமாம் கலியமூர்த்தி."

"ரெண்டு ஜோடி மாடு சொல்லி வெச்சிருக்கேன் சார். மீன் வண்டி ரெண்டையும் மாட்டுல கட்டி கிரவுண்ட மூணு சுத்து சுத்தப் போறேன். பாக்கட்டும். டிவிக்காரனுக்கும் சொல்லிட்டேன்."

மாடுகளைவிட அந்த 'சார்' என்னை அதிகம் வருத்தியது. திலகவதி மேடம் நாற்காலியை நகர்த்தி, "தண்ணி குடிங்க" என்றார். பிறகு கேட்டார்:

"முந்திரி வண்டி ரெண்டும் ஒரு தடவையாவது நின்னுச்சாங்க?"

"இல்ல மேடம். அது பாட்டுக்கு ஓடுது."

"டீசல் எங்க போடறீங்க?"

"நாலுக்கும் ஒரே பங்க்குதான்."

"டிரைவருங்க?"

"மாத்தி மாத்தி ஓட்டுவானுங்க. ஏழுமலயே போன மாசம் முந்திரி வண்டி ஓட்டுனான். நிக்கல."

மேடம் என் பக்கம் திரும்பினார். "அப்ப சரக்குதான் வித்தியாசம். ஹார்பர்ல லோடு ஏத்தறத பாத்தீங்களா சார்?"

"இல்ல மேடம்."

"நாளைக்குப் போயிட்டு வாங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்கு உப்பனாற்றைத் தாண்டினேன். நாலு வருடம் ஆகியிருந்தது. பைக்கை ஐஸ் ஆலைக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன். நான் பயந்தது எதுவும் அங்கே இல்லை. பெண்கள் கூடைகளோடு ஏலத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். படகுகளுக்குப் புது நீலப் பெயிண்ட். ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "லாரி சார்தானே? அப்ப வந்தது, அப்பறம் காணமே" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் மேலே கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஏழுமலையின் வண்டியில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. பலகை அடித்த சாதாரண லாரி. தரையில் தெர்மோகோல், அதன்மேல் மீன் கூடைகள், கூடைகளுக்கு இடையில் உடைத்த ஐஸ், குளிர்ச்சி கூடுவதற்கு மேலே கல்லுப்பு. லோடு முடிந்து தார்பாய் கட்டியதும் நான் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன்.

பலகை இடுக்குகளிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. மீன் ரத்தம் கலந்த உப்புத் தண்ணீர். முதலில் துளித்துளியாக, கால் மணி நேரத்தில் கயிறுபோல. அது இடப்பக்கச் சட்டத்தின் வழியாக ஓடி ஒரே இடத்தில் போய் விழுந்தது. அங்கே என்ஜினைக் கட்டுப்படுத்தும் வயர்கள் வந்து கூடுகிற, கைப்பிடி அளவு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. இதை வரைந்த ஐரோப்பாக்காரர்கள் நாட்டில் மீன் மூடிய பெட்டி வண்டியில் போகிறது. ஒரு சொட்டு வெளியே வராது. அதனால் அந்தப் பெட்டியை அங்கே வைத்திருக்கிறார்கள். என் முகத்திலும் சட்டையிலும் மீன் தண்ணீர் சொட்டச் சொட்ட மூடியைத் திறந்தேன். உள்ளே செப்பு முனைகள் எல்லாம் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தன. உப்புத் தண்ணீர் நிறைந்தால் வண்டி நிற்கும். காய்ந்தால் ஓடும். இவ்வளவுதான்.

நான் வண்டிக்கு அடியிலிருந்து, "ஏழுமல, ஒன் மேல தப்பு இல்லடா" என்று கத்தினேன்.

"அத மொத நாளே சொன்னனே சார்" என்றான் அவன்.

போட்டோ எடுத்து, ரிப்போர்ட் எழுதி, அன்றைக்கே சென்னைக்கு அனுப்பினோம். இரண்டு நாளில் பதில் வந்தது. மேடம் அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அதில் இருந்தது இதுதான்: அந்த மாவட்டத்துப் பயன்பாட்டு ஆய்வின்படி உப்புத் தண்ணீர் சொட்டும் சரக்கு மிகக் குறைவு. எனவே இது வழக்கத்துக்கு மாறான உபயோகம். உத்தரவாதத்தில் வராது. உரிமையாளரே பொறுப்பு.

என் சொல்லே திரும்பி வந்து கலியமூர்த்தியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

"ஆய்வு ஃபாரம் எழுதினது நீங்கதானே சார்?"

"ஆமா மேடம்."

"பாத்துட்டு எழுதினீங்களா?"

"இல்ல மேடம்."

"ஏன்?"

அவர் காத்திருந்தார். நான் அந்தக் கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தேன்.

"சரி. நாளைக்கு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. எத எந்தப் பத்தியில எழுதணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். பெரியவளுக்குக் கல்லூரியில் கடைசி வருடம், சின்னவன் பன்னிரண்டாவது. வேலை போனால் என்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை. "அந்தக் காடாம்புலியூர்க்காரரு பொண்டாட்டி போன வருஷம் நமக்கு ஒரு பலாப்பழம் குடுத்தனுப்புச்சே" என்று மட்டும் சொன்னாள்.

ரிப்போர்ட்டில் முதல் பத்தியில், பேனாவால் எழுதினேன்: 'படிவத்தில் இந்தக் கேள்விக்கு நான் துறைமுகத்தில் நின்று பார்க்காமல், ஆபீஸில் உட்கார்ந்து பதில் எழுதினேன். அந்தப் பதில் தவறு.' மற்ற இரண்டு பத்தியும் காலியாக இருந்தன.

மேடம் இரண்டு முறை படித்தார். "திங்கக்கிழம மீட்டிங்ல நீங்களே படிச்சிடுங்க" என்றார்.

"வேல போயிடுமா மேடம்?"

"தெரியல சார்" என்றார். பொய்யான ஆறுதல் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கொஞ்சம் கழித்து, "நான் பக்கத்துல ஒக்காந்திருப்பேன்" என்றார்.

திங்கட்கிழமை மஞ்சக்குப்பம் மைதானத்தில் பந்தல், தோரணம், வரிசையாகப் புது லாரிகள். மைதானத்தின் ஓரத்தில் மீன் வண்டிகள் இரண்டும் நின்றன. முன்னால் இரண்டு ஜோடி மாடு. கயிறு கட்டியாயிற்று. ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நான் நேராகக் கலியமூர்த்தியிடம் போனேன்.

"ஒங்க வண்டி நின்னதுக்கு நான்தான் காரணம்" என்று ஆரம்பித்து, படிவம், கேள்வி, பதில் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரெல்லாம் சுத்திப் பாத்தீங்களே. எங்க காட்டுக்கு வந்து பலாப்பழத்த தராசுல வெச்சி எழுதிக்கினு போனீங்களே. ஹார்பருக்கு ஏன் போவல?"

அப்போதுதான் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். அந்த நாலு நாளை. நான் ஓட்டிய லாரியை. கடைசி நாள் அந்த லாரியை நானே கழுவியதை.

கலியமூர்த்தி மாடுகளின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மாட்டுக்காரரிடம், "கயித்த அவுருப்பா" என்றார். பிறகு என்னிடம், "வண்டி இங்கதான் நிக்கும். அந்த வெள்ளக்காரன் குனிஞ்சி பாக்கணும். அத மட்டும் விடமாட்டேன்" என்றார்.

விழாவுக்கு முன்னால் பந்தலுக்குப் பின்புறம் ஒரு சிறிய கூட்டம். கூட்டாளிக் கம்பெனியிலிருந்து மார்ட்டின் என்ற என்ஜினியர் வந்திருந்தார். மின்சார அமைப்பை வரைந்தவர். சென்னையிலிருந்து விற்பனைப் பிரிவுப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். மேடம் சொல்லி, கலியமூர்த்திக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் எழுந்து என் ரிப்போர்ட்டைப் படித்தேன். ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருந்தது. படித்து முடித்தேன்.

சென்னைக்காரரின் முகம் சிவந்தது. "இதையெல்லாம் இங்க படிக்கணுமா? வழக்கத்துக்கு மாறான உபயோகம்னு முடிஞ்சிபோன விஷயம்" என்றார்.

மார்ட்டின் அவரைப் பார்க்காமல் என்னைக் கேட்டார், "ஏன் போகவில்லை?"

"போக முடியவில்லை" என்றேன்.

கலியமூர்த்தி எழுந்தார். "மேடம், நான் தமிழ்ல சொல்றேன், நீங்க அவருக்கு சொல்லுங்க. சுனாமி அன்னிக்கி டிரைவருங்க ஓடிட்டானுங்க. இந்த மனுஷன் நாலு நாள் பொணம் ஏத்துனாரு. ஒங்க கம்பெனி வண்டியிலதான் ஏத்துனாரு. அதுக்கப்பறம் அந்தப் பக்கம் போவ முடியல. அவ்ளோதான்." மேடம் அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். கலியமூர்த்தி உட்காரவில்லை. "அது வேற, இது வேற. என் மீன் கெட்டுப் போச்சி. என் வண்டிக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

மார்ட்டின் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கினார். பக்கங்களைத் தள்ளிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே இரண்டு கையெழுத்துக்கு இடம் இருந்தது. ஒன்றில் என் கையெழுத்து. மற்றது, எங்கள் பதில்களை நேரில் வந்து சரிபார்க்க வேண்டிய கூட்டாளிக் கம்பெனி ஆளுக்கு. அது காலி. இத்தனை நாளில் நானோ மேடமோ அதைக் கவனிக்கவில்லை.

"இங்கே வர வேண்டியவன் நான். அட்டவணையில் நாள் போதவில்லை என்று வரவில்லை" என்றார் மார்ட்டின். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "வண்டி எங்கே?"

அந்த ஆறடி மனிதர் வெள்ளைச் சட்டையோடு மீன் வண்டிக்கு அடியில் போனார். முந்தின நாள் லோடின் தண்ணீர் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. அவர் வெளியே வந்தபோது சட்டை முதுகெல்லாம் பழுப்பு. ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கலியமூர்த்தி தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

அதற்குப் பிறகு நடந்தது சட்டமும் திட்டமுமாக நீண்ட கதை. சுருக்கமாகச் சொல்கிறேன். வயர் பெட்டி வலப்பக்கச் சட்டத்தின் உட்புறம், தண்ணீர் எட்டாத உயரத்துக்கு மாறியது. கடலோர மாவட்டங்களில் விற்ற எல்லா வண்டிகளையும் கூப்பிட்டு இலவசமாக மாற்றிக் கொடுத்தோம். கலியமூர்த்தியின் இழப்பைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. படிவம் மாறியது: இனி எந்தப் பதிலும் இரண்டு கம்பெனி ஆட்களும் அந்த வண்டியில் சேர்ந்து பயணம் செய்த பிறகுதான் எழுத வேண்டும். அந்த விதியின் பேரில் எத்தனையோ வெளிநாட்டு என்ஜினியர்கள் எங்கள் சாலைகளில் முந்திரி மூட்டைமேல் உட்கார்ந்து போனதை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு வேலை போகவில்லை. அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை, பிறகும் வரவில்லை. தவறு செய்தவனுக்கு அது பெரிய தண்டனை இல்லை. ஆனால் மேடத்துக்கும் இரண்டு வருடம் தள்ளிப்போனது. அது எனக்கு இன்றுவரை உறுத்தல். ஒரு முறை அதைச் சொன்னபோது, "சிதம்பரம் பஸ்ல எனக்கு ஜன்னல் சீட் புடிச்சி வெக்கறவங்க இருக்காங்க சார். சென்னைக்குப் போனா யார் வெப்பாங்க" என்று சிரித்தார்.

மெல்ல மெல்ல மாறியது. பிரேக் லைனிங் கேட்டால் பிரேக் லைனிங்கே வந்தது, மறுநாள் காலை பஸ்ஸிலேயே. சிதம்பரத்தில் தனி ஒர்க்‌ஷாப் திறந்தோம். டீக்கடையில் டிரைவர்கள் என்னை உட்காரச் சொல்லிவிட்டு வண்டியைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு வருடம் லாபம் என்றார்கள், நம்பவில்லை. அடுத்த வருடமும் என்றார்கள். ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வந்தபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு 'தானே' என்று பெயர் வைத்த புயல் அடித்தது. காடாம்புலியூர் பக்கம் முந்திரியும் பலாவும் ஒன்றுவிடாமல் சாய்ந்தன. விழுந்த மரங்களை ஏற்றிப் போக லாரிகள் இரவு பகலாக ஓடின. நாங்கள் அங்கேயே ஒரு தார்பாய் கட்டி, எந்தக் கம்பெனி வண்டியானாலும் பார்த்துக் கொடுத்தோம். கலியமூர்த்தியின் மிச்சக் காடும் போய்விட்டது. நாலு லாரிதான் அவருக்கு இருந்தது. அந்த நாலையும் ஊர்க்காரர்களின் மரத்தை ஏற்ற விட்டிருந்தார்.

ஒரு மதியம் வெளியூர் லாரிக்காரர் ஒருவர் எங்கள் தார்பாயைப் பார்த்துத் தயங்கி நின்றார். புயல் வேலைக்கு வந்த இடத்தில் வண்டி மக்கர் செய்கிறதாம். இந்த ஆளை நம்பி விடலாமா என்று கலியமூர்த்தியிடம் கேட்டார். கலியமூர்த்தி மரத்தூள் அப்பிய கையால் என்னைக் காட்டினார்.

"என் வண்டி நடுரோட்டுல நின்னுச்சே, அதுக்குக் காரணம் இவருதான்."

அந்த மனிதர் திகைத்தார்.

"இன்னிக்கி ஓடுதே, அதுக்கும் இவருதான். வுடுங்க. எங்க மாமா பாத்துட்டு சொன்னா சரியா இருக்கும்."

பிரிவு உபசார விழாவில் என்னைப் பற்றி நிறையப் பேசினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அதெல்லாம் நினைவில் இல்லை. இது இருக்கிறது. நான் சாக்கை எடுத்து, சாய்ந்த பலாமரத்தின் பக்கத்தில் விரித்து, அந்த வண்டிக்கு அடியில் படுத்தேன்.